இத்தாலிய மொழியில் ஒழுங்கற்ற வினைகளின் எதிர்கால வடிவங்கள்

இத்தாலிய மொழியை முறையாகக் கற்கத் தொடங்குபவர்கள் நிகழ்காலத்தைக் கடந்து வரும்போதே சற்றுக் களைத்துப் போயிருப்பார்கள். 'போ' என்னும் பொருள் தரும் அந்தாரெ என்ற ஒரே வினை, நிகழ்காலத்தில் வாதொ, வாய், வா, அந்தியாமொ, அந்தாத்தெ, வான்னொ என்று இடத்துக்கு இடம் உருமாறுவதைப் பார்த்தவர்கள், எதிர்காலத்தில் இதைவிட மோசமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் நிலைமை நேர்மாறானது. இத்தாலிய எதிர்காலத்தில் வினையின் விகுதிகள் ஒருபோதும் மாறுவதில்லை. மாறுவது பகுதி மட்டுமே. அந்தப் பகுதியும் ஆறு இடங்களுக்கும் ஒன்றாகவே இருப்பதால், தன்மை ஒருமை வடிவம் ஒன்றை அறிந்தவருக்கு மற்ற ஐந்தும் தாமாகவே கிடைத்துவிடும்.

விளக்கத்துக்குள் போகுமுன், எழுத்துப்பெயர்ப்பு பற்றிச் சில சொற்கள். இக்கட்டுரையில் இத்தாலியச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. இறுதியில் வரும் ஓ, ஆ ஆகிய நெடில்கள் அழுத்தம் விழும் இடத்தைக் காட்டுவதற்காக இடப்பட்டவை. அவற்றை இழுத்துச் சொல்லாமல் அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தாலியர் எழுதும்போது அந்த இறுதி உயிரின் தலைமேல் ஒரு சிறு சாய்கோடு இடுவார்கள். அதை விட்டுவிடுவது எழுத்துப் பிழையாகும். க, த, ப ஆகியவற்றின் வல்லோசை, மெல்லோசை வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டாது என்பதால், அதை மட்டும் ஒலிப்புக் காட்டும் அகராதி ஒன்றில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் ஒழுங்கான வினைகள். தமிழில் 'செய்வேன்' என்ற சொல்லைச் செய் என்ற பகுதி, வ் என்ற எதிர்கால இடைநிலை, ஏன் என்ற விகுதி என்று பிரிக்கிறோம். இத்தாலியத்திலும் ஏறத்தாழ இதே பிரிப்பு செல்லும். 'பேசு' என்னும் பொருள் தரும் பர்லாரெ என்ற வினை பர்லெரோ, பர்லெராய், பர்லெரா, பர்லெரேமொ, பர்லெரேத்தெ, பர்லெரான்னொ என்று வரும். இவை முறையே பேசுவேன், பேசுவாய், பேசுவான் அல்லது பேசுவாள், பேசுவோம், பேசுவீர்கள், பேசுவார்கள் என்ற பொருளைத் தருகின்றன. இவற்றில் ரகரம் காலத்தையும் அதற்குப் பின் வருவது இடத்தையும் காட்டுகின்றன. 'எழுது' என்னும் ஸ்க்ரீவெரெ என்பது ஸ்க்ரிவெரோ என்றும், 'தூங்கு' என்னும் தொர்மீரெ என்பது தொர்மிரோ என்றும் ஆகும். மரியாதைக்குரிய ஒருவரைத் தனித்து விளிக்கும்போது இத்தாலியர் படர்க்கை ஒருமை வடிவத்தையே பயன்படுத்துவதால், 'நீங்கள் பேசுவீர்களா' என்று ஒரு பெரியவரிடம் கேட்கவும் பர்லெரா என்பதே வேண்டும். எத்தனை ஒழுங்கற்ற வினையாக இருந்தாலும், ரகரம் இல்லாத எதிர்கால வடிவம் இத்தாலியத்தில் ஒன்றுகூட இல்லை.

இந்த ரகரம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால் ஒழுங்கின்மையின் காரணமும் விளங்கிவிடும். செவ்வியல் இலத்தீனில் எதிர்காலத்துக்கென்று தனி வடிவங்கள் இருந்தன. பேச்சு வழக்கில் அவை மெல்ல வழக்கொழிந்து, வினையின் மூலவடிவத்தோடு 'உடையேன்' என்னும் பொருள் தரும் துணைவினையைச் சேர்த்துச் சொல்லும் முறை அவற்றின் இடத்தைப் பிடித்தது. 'பாட உள்ளேன்', 'பாட இருக்கிறேன்' என்று நாம் இன்றும் சொல்வது இதற்கு மிக நெருக்கமான அமைப்பு. காலப்போக்கில் அந்த இரு சொற்களும் ஒட்டி ஒரே சொல்லாயின. அதனால்தான் மூலவடிவத்தின் ரகரம் எதிர்காலத்தில் தங்கிவிட்டது. விகுதிகளோ அந்தத் துணைவினையின் தேய்ந்த எச்சங்கள். 'உடைமை' வினையான அவேரெ என்பதன் நிகழ்கால வடிவங்கள் ஓ, ஆய், ஆ என்றும் பன்மைப் படர்க்கையில் ஆன்னொ என்றும் ஒலிப்பதை மேலே கண்ட விகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும்.

இரு சொற்கள் ஒன்றானபோது அழுத்தம் முழுவதும் பின்பகுதிக்குச் சென்றுவிட்டது. அதனால் ரகரத்துக்கு முன்னிருந்த உயிர் அழுத்தம் இழந்து வலுவிழந்தது. பெரும்பாலான வினைகளில் அந்த உயிர் எப்படியோ பிழைத்துக்கொண்டது. பர்லாரெ போன்றவற்றில் அகரம் எகரமாகத் தேய்ந்து பர்லெரோ என்றாயிற்று. இது புளோரன்ஸ் நகரப் பேச்சின் இயல்பு, அந்நகரின் மொழியே பின்னாளில் இத்தாலியப் பொதுமொழிக்கு அடிப்படையாயிற்று. அன்றாடம் பலமுறை வாயில் புரளும் சில வினைகளில் மட்டும் அந்த உயிர் அடியோடு விழுந்துவிட்டது. உயிர் விழுந்ததும் அதற்கு முன்னிருந்த மெய் நேராக ரகரத்தின்மேல் மோதுகிறது. அந்த மோதலில் என்ன ஆகிறது என்பதே ஒழுங்கற்ற வினைகளின் கதை.

மோதுகிற மெய் வகரம், தகரம், பகரம் ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது மாறாமல் நிற்கும். 'உடைமை' வினையான அவேரெ அவ்ரோ என்றும், 'போ' என்னும் அந்தாரெ அந்த்ரோ என்றும், 'இயலும்' என்னும் பொத்தேரெ பொத்ரோ என்றும், 'வேண்டும்' என்னும் தொவேரெ தொவ்ரோ என்றும், 'அறி' என்னும் ஸப்பேரெ ஸப்ரோ என்றும், 'பார்' என்னும் வெதேரெ வெத்ரோ என்றும், 'விழு' என்னும் கதேரெ கத்ரோ என்றும், 'வாழ்' என்னும் வீவெரெ விவ்ரோ என்றும் ஆகின்றன. இவற்றில் இரண்டை ஒருசேரக் கொண்ட இத்தாலியப் பழமொழி ஒன்று உண்டு: கி விவ்ரா வெத்ரா. வாழ்பவன் பார்ப்பான் என்பது அதன் நேர்ப்பொருள். என்ன நடக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது, காலம்தான் காட்டும் என்ற கருத்தில் அதைச் சொல்வார்கள். மூன்றே சொற்கள் என்பதால் இந்த வகையை நினைவில் நிறுத்த இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

எந்த வினையில் உயிர் விழும், எதில் விழாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வி இங்கே எழும். முழு விதி இல்லை. ஆனால் பயனுள்ள குறிப்பு ஒன்று இருக்கிறது. எரெ என்ற முடிவு கொண்ட வினைகளில் சிலவற்றின் மூலவடிவத்தில் அந்த முடிவு ஏரெ என்று அழுத்தத்தோடு ஒலிக்கும். அவேரெ, பொத்தேரெ, வெதேரெ ஆகியவை அப்படிப்பட்டவை. வேறு சிலவற்றில் அழுத்தம் முன்னரே விழுந்து, முடிவு எரெ என்று தளர்ந்து ஒலிக்கும். ஸ்க்ரீவெரெ, 'நம்பு' என்னும் க்ரேதெரெ ஆகியவை அந்த வகை. உயிர் விழுவது பெரும்பாலும் முதல் வகையில்தான். இரண்டாம் வகை பொதுவாக ஒழுங்காகவே நடக்கும். விதிவிலக்குகள் இரு பக்கத்திலும் உண்டு. வீவெரெ தளர்ந்த முடிவு கொண்டதாயினும் உயிரை இழக்கிறது. 'பிடித்திருத்தல்' என்னும் பொருளுடைய பியச்சேரெ, 'பேசாதிரு' என்னும் தச்சேரெ, 'அஞ்சு' என்னும் தெமேரெ ஆகியவை அழுத்தமான முடிவு கொண்டவையாயினும் உயிரை இழப்பதில்லை.

அடுத்த வகை தமிழருக்கு இருவிதத்தில் சுவையானது. ரகரத்தின்மேல் மோதும் மெய் லகரமாகவோ னகரமாகவோ இருந்தால் அது தன் வடிவை விட்டு ரகரமாகவே மாறிவிடும். 'விரும்பு' என்னும் வொலேரெ வொர்ரோ என்றும், 'வா' என்னும் வெனீரெ வெர்ரோ என்றும், 'வைத்திரு' என்னும் தெனேரெ தெர்ரோ என்றும், 'தங்கு' என்னும் ரிமனேரெ ரிமர்ரோ என்றும், 'மதிப்புப் பெறு' என்னும் வலேரெ வர்ரோ என்றும் ஆகின்றன. நம் புணர்ச்சி இலக்கணத்தை ஓரளவு நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. கல்லும் சிலையும் சேர்ந்தால் கற்சிலை. பொன்னும் சிலையும் சேர்ந்தால் பொற்சிலை. லகரமும் னகரமும் வருமொழிக்கு இடம்கொடுத்துத் திரிகின்றன. முன்வகை வினைகளில் நடந்தது கெடுதல் மட்டும் என்றால், இவற்றில் நடப்பது கெடுதலும் திரிதலும் சேர்ந்தது. நாக்கு ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரு வேறு வேலைகளைச் செய்யச் சோம்பி ஒன்றாக்கிக்கொள்ளும் பழக்கம் எல்லா மொழிக்காரர்க்கும் பொதுவானது போலும்.

இரண்டாவது விஷயம் ஒலிப்பு. தமிழில் ஏனைய மெய்கள் இரட்டித்து வந்தாலும், ரகரமும் ழகரமும் தம்மொடு தாம் இரட்டிப்பதில்லை. எனவே இரட்டை ரகரம் நம் வாய்க்குப் பழக்கமில்லாத ஒன்று. அதை ஒற்றை ரகரமாகச் சொல்லிவிடுவதும், 'காற்று' என்பதில் வரும் றகரம் போல ஒலித்துவிடுவதும் தமிழர் எளிதில் செய்யும் பிழைகள். நாக்கு நுனி மேலண்ணத்தில் பலமுறை அதிருமாறு ரகரத்தை நீட்டிச் சொல்ல வேண்டும். இத்தாலியத்தில் இந்த வேறுபாடு பொருளையே மாற்றும்: காரொ என்றால் அன்புக்குரியவன், கார்ரொ என்றால் வண்டி. எதிர்காலத்தில் இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. வெர்ரா என்றால் வருவான். வெத்ரா என்றால் பார்ப்பான். வேகமான பேச்சில் இவ்விரண்டையும் பிரித்தறியக் காது சற்றுப் பழக வேண்டும்.

'குடி' என்னும் பேரெ என்ற வினையும் இதே குடும்பத்தில் சேர்ந்து பெர்ரோ என்று வரும். இதன் பழைய மூலவடிவம் பேவெரெ. அதன் வகரம் ரகரத்தோடு மோதி ரகரமாயிற்று. அவ்ரோ, தொவ்ரோ ஆகியவற்றில் வகரம் மாறாமல் நிற்கும்போது இதில் மட்டும் மாறியது ஏன் என்று கேட்டால், மொழிகள் அப்படித்தான் என்பதற்கு மேல் ஒரு தொடக்கநிலை மாணவருக்கு விடை தேவையில்லை. மூலவடிவத்திலேயே இரட்டை ரகரம் கொண்ட வினைகளும் சில உண்டு. 'வை' என்னும் போர்ரெ, 'மொழிபெயர்' என்னும் த்ரதூர்ரெ, 'இழு' என்னும் த்ரார்ரெ ஆகியவை பொர்ரோ, த்ரதுர்ரோ, த்ரர்ரோ என்று நேராக எதிர்காலத்துக்குள் நுழைகின்றன. நிகழ்காலத்தில் மிகவும் தொல்லை தரும் இவை இங்கே சாதுவாகிவிடுகின்றன.

எஞ்சியவை சில குட்டி வினைகள். 'கொடு' என்னும் தாரெ, 'செய்' என்னும் ஃபாரெ, 'இரு, நில்' என்னும் பொருள்களைத் தரும் ஸ்தாரெ ஆகிய மூன்றும் பர்லாரெ போல எகரத்துக்கு மாறாமல் அகரத்தையே காத்துக்கொண்டு தரோ, ஃபரோ, ஸ்தரோ என்று வரும். 'சொல்' என்னும் தீரெ திரோ ஆகும். 'இரு, ஆகு' என்னும் எஸ்ஸெரெ என்ற வினைமட்டும் மூலவடிவத்தின் சாயல் ஏதுமின்றி ஸரோ, ஸராய், ஸரா, ஸரேமொ, ஸரேத்தெ, ஸரான்னொ என்று வருகிறது. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மொழியில் மிக அதிகமாகப் பயன்படும் வினை என்பதால், முயன்று மனப்பாடம் செய்யாதவர்க்கும் சில வாரங்களில் அது தானாக ஒட்டிக்கொள்ளும்.

எழுத்தில் மட்டும் ஒழுங்கற்றவை போலத் தோன்றும் வினைகளைப் பற்றி நெடுநேரம் பேச வேண்டியதில்லை. 'தேடு' என்னும் செர்காரெ, 'பணம் கொடு' என்னும் பகாரெ ஆகியவற்றின் ககர ஒலி, எகரத்துக்கு முன் சகர, ஜகர ஒலிகளாக மாறிவிடாமல் காப்பதற்காக, ஆக்கா என்று இத்தாலியர் அழைக்கும் ஒலியற்ற எழுத்து ஒன்று இடையே சேர்க்கப்படும். ஒலியைக் கேட்டால் செர்கெரோ, பகெரோ என்பவை முற்றிலும் ஒழுங்கானவை. மாறாக, 'சாப்பிடு' என்னும் மஞ்ஜாரெ, 'தொடங்கு' என்னும் கொமின்சாரெ ஆகியவற்றில் இனித் தேவைப்படாத இகர எழுத்து ஒன்று நீக்கப்பட்டு மஞ்ஜெரோ, கொமின்செரோ என்று எழுதப்படும். 'படி' என்னும் ஸ்துதியாரெ என்பதில் இகரம் உண்மையிலேயே ஒலிப்பதால் ஸ்துதியெரோ என்பதில் அது நிற்கும்.

நிகழ்காலத்தில் ஒழுங்கற்றது எதிர்காலத்திலும் ஒழுங்கற்றதாகவே இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. 'வெளியே போ' என்னும் உஷீரெ நிகழ்காலத்தில் எஸ்கொ என்று முகம் மாறினாலும் எதிர்காலத்தில் உஷிரோ என்று ஒழுங்காகவே வரும். முன்னொட்டுச் சேர்ந்த வினைகள் பொதுவாகத் தாய்வினையைப் பின்பற்றும். தெனேரெயிலிருந்து பிறந்த, 'பெறு' என்னும் ஒத்தெனேரெ ஒத்தெர்ரோ ஆகும்; கதேரெயிலிருந்து பிறந்த, 'நிகழ்' என்னும் அக்கதேரெ படர்க்கையில் அக்கத்ரா ஆகும். வெதேரெயின் குடும்பத்தில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. 'மீண்டும் பார்' என்னும் ரிவெதேரெ தாயைப் போல ரிவெத்ரோ ஆகிறது. 'முன்னறி' என்னும் ப்ரெவெதேரெயோ பொதுவழக்கில் உயிரைக் காத்து ப்ரெவெதெரோ ஆகிறது.

வடிவங்களை அறிந்தபின் அவற்றை எப்போது பயன்படுத்துவது என்பதே உண்மையான கேள்வி. பாடநூல்கள் பல இதை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. தமிழ் மாணவர் இடறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் கருத்து. நாளைக்கு நடக்கப்போவது உறுதியானது என்றால் இத்தாலியர் எதிர்காலத்தைத் தேடிப் போவதில்லை. தொமானி வாதொ ஆ ரோமா என்று நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவார்கள். 'நாளை ரோமுக்குப் போகிறேன்' என்று நாம் சொல்வதும் அப்படித்தானே. தொலைவிலுள்ள திட்டம், வாக்குறுதி, கணிப்பு ஆகியவற்றுக்கே எதிர்காலம் இயல்பாக வரும். வானிலை அறிவிப்பில் ஸரா என்ற சொல் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

எதிர்கால வடிவத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு: நிகழ்காலத்தைப் பற்றிய ஊகம். ஆங்கிலம் வழியாக இத்தாலியம் கற்பவர்களுக்கு இதைப் பாடம் நடத்திப் புரியவைக்க வேண்டியிருக்கும். தமிழர்க்குத் தேவையே இல்லை. கையில் கடிகாரம் இல்லாதபோது 'எட்டு மணி இருக்கும்' என்கிறோம். இத்தாலியர் ஸரான்னொ லெ ஒத்தொ என்கிறார்கள். 'அவளுக்கு முப்பது வயது இருக்கும்' என்பது அவ்ரா த்ரெந்தான்னி. வீட்டில் காணாத ஒருவனைப் பற்றி 'எங்கே இருப்பான்' என்று கேட்பது தோவெ ஸரா. சென்றதைப் பற்றிய ஊகத்துக்கும் இதே ஒற்றுமை நீள்கிறது. அவேரெ அல்லது எஸ்ஸெரெயின் எதிர்கால வடிவத்தோடு இறந்தகால எச்சத்தைச் சேர்த்தால், அவ்ரா மஞ்ஜாத்தொ என்பது 'சாப்பிட்டிருப்பான்' என்றும், ஸரா பர்தீத்தொ என்பது 'கிளம்பியிருப்பான்' என்றும் சொல்லுக்குச் சொல் பொருந்திவிடுகின்றன.

இந்த ஒற்றுமையை நம்பி மேலும் ஓரடி எடுத்துவைத்தால் வழுக்கிவிடும். தமிழின் எதிர்கால வடிவம் வழக்கத்தையும் குறிக்கும். 'தாத்தா தினமும் ஆறு மணிக்கு நடக்கப் போவார்' என்பது நாளைய செய்தி அன்று, அன்றாடப் பழக்கம். 'சின்ன வயதில் கடற்கரைக்குப் போவோம்' என்பதோ முழுக்க இறந்தகாலம். இத்தாலிய எதிர்காலத்துக்கு இந்த வேலை அறவே கிடையாது. இன்றைய பழக்கத்துக்கு நிகழ்காலத்தையும், கடந்துபோன பழக்கத்துக்கு அதற்கென்றே உள்ள தொடர் இறந்தகாலத்தையும் பயன்படுத்த வேண்டும். சின்ன வயதில் போனதைச் சொல்ல அந்தவாமொ என்பதே சரி. அந்த்ரேமொ என்று எழுதினால், படிக்கும் இத்தாலியர் இனிமேல் போகப்போகும் பயணத்தைப் பற்றி நினைத்துக்கொள்வார்.

நிபந்தனை வாக்கியங்களில் வேறொரு கவனம் வேண்டும். 'மழை பெய்தால் வெளியே போகமாட்டோம்' என்பதில் நாம் காலத்தை இறுதி வினையில் மட்டும் காட்டுகிறோம். இத்தாலியத்தில் இரு வினைகளும் எதிர்காலத்தில் நிற்கும்: ஸெ பியொவெரா, நோன் உஷிரேமொ. 'நீ வரும்போது பார்ப்பாய்' என்பதும் அவ்வாறே க்வாந்தொ வெர்ராய், வெத்ராய் என்று இருமுறை எதிர்காலம் பெறும். எதிர்மறைக்கு வினையில் மாற்றம் ஏதும் இல்லை. முன்னால் நோன் சேர்த்தால் போதும் என்பது, 'வருவேன்' என்பதற்கும் 'வரமாட்டேன்' என்பதற்கும் வேறு வேறு வினைமுற்றுகளைச் சுமக்கும் நமக்குச் சற்று ஆறுதலான செய்தி.

இந்த ஒழுங்கற்ற பகுதிகளை மனத்தில் இருத்துவதால் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் ஒன்று உண்டு. 'போவேன், ஆனால்...' என்பது போன்ற விருப்பத்தையும் நிபந்தனையையும் காட்டும் வினைவடிவம், எதிர்காலத்தின் அதே பகுதியின்மேல் வேறு விகுதிகளைச் சேர்த்து உருவாவது. காப்பிக் கடையில் போய் நின்று வொர்ரெய் உன் கஃப்பே என்று பணிவாகக் கேட்கப் பழகியவர், வொலேரெயின் எதிர்காலப் பகுதியை ஏற்கெனவே தன்னை அறியாமல் கற்றிருக்கிறார். வொர்ரெய் வொர்ரோவின் உடன்பிறப்பு. இவ்விரு வரிசைகளும் மிக நெருங்கி வருவது தன்மைப் பன்மையில். அந்த்ரேமொ என்றால் போவோம் என்ற முடிவு. மகரத்தை இரட்டித்து அந்த்ரெம்மொ என்றால் வாய்ப்பிருந்தால் போவோம் என்ற விருப்பம். எழுதும்போது ஒரு மகரம் குறைந்தாலோ, சொல்லும்போது அதன்மேல் ஒரு கணம் நின்று அழுத்தத் தவறினாலோ, 'முடிந்தால் உங்கள் வீட்டு விருந்துக்கு வரலாம்' என்று மரியாதையாகத் தயங்க நினைத்தவர், கட்டாயம் வருவதாக வாக்குக் கொடுத்தவராகிவிடுவார்.